வீடியோ, வகுப்பு, ஒரு பலகைத் துண்டு: யாழ்ப்பாணத்தில் இருந்து எயார் ரைபிள் பழகிய அனுபவம்

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு எயார் ரைபிள், அதாவது காற்றின் அழுத்தத்தால் சன்னத்தைத் தள்ளும் போட்டித் துவக்கு, சுடப் பழகுகிறேன் என்று சொன்னால், கேட்பவரின் முகம் ஒரு கணம் இறுகும். பிறகு கேள்விகள் வரும். "எங்க பழகிறீங்கள்? ஆர் சொல்லித் தாறது? துவக்கை வீட்டிலயோ வைச்சிருக்கிறீங்கள்?"

பதில்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வகுப்பு கொழும்பில், ஒரு கழகத்தின் சுடுதளத்தில். துவக்கு கழகத்துடையது. அங்கேயே பூட்டி வைத்திருப்பார்கள், வீட்டுக்கு வருவதே இல்லை. மிச்சப் படிப்பெல்லாம் கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில், ஒரு கைபேசியோடும் ஒரு பலகைத் துண்டோடும் நடக்கிறது. சுடுதளத்துக்குத் தூரத்தில் இருப்பவர்கள் இந்த விளையாட்டை இப்படித்தான் பழக வேண்டியிருக்கிறது. வீடியோவில் எதைக் கற்கலாம், எதற்குக் கட்டாயம் வகுப்பு வேண்டும், துவக்கே கையில் இல்லாத நாட்களில் என்ன செய்யலாம் என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள், முக்கியமாகப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் உயர்தர மாணவருக்குப் பௌதிகவியல் படிப்பிப்பவள். 2021 யூலையில், வகுப்புகள் எல்லாம் சூமில் நடந்துகொண்டிருந்த கொரோனாக் காலத்தில், தோக்கியோ ஒலிம்பிக்கின் முதல் தங்கம் முடிவானதைக் கைபேசியில் பார்த்தேன். பெண்களுக்கான 10 மீற்றர் எயார் ரைபிள் இறுதிப் போட்டி அது. கடைசிச் சூட்டுக்கு முன் ரஷ்ய வீராங்கனை அனஸ்தாசியா கலாஷினா 0.2 புள்ளி முன்னுக்கு நின்றார். கடைசியில் அவர் சுட்டது 8.9. சீனாவின் யாங் சியான் 9.8 சுட்டார், தங்கம் அவருக்குப் போனது. அதே போட்டியின் தகுதிச் சுற்றில் எங்கள் நாட்டின் தெகானி எகொடவெலவும், கடலூரில் பிறந்து இந்தியாவுக்காகப் போட்டியிட்ட இளவேனில் வாலறிவனும் சுட்டிருந்தார்கள்.

எனக்கு அந்த 8.9 தலைக்குள் நின்றுவிட்டது. இலக்குத் தாளில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் 2.5 மில்லிமீற்றர். அப்படியென்றால் மையத்திலிருந்து அந்த இரண்டு சூடுகளும் விலகிய தூரத்தில் வித்தியாசம் இரண்டேகால் மில்லிமீற்றர்தான். நடுவில் உள்ள 10 என்பது அரை மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு புள்ளி. துவக்கின் மேல் குறிபார்க்கப் பொருத்தியிருக்கும் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையில் 80 சென்ரிமீற்றர் என்று எடுத்து, ஒத்த முக்கோணங்களை வைத்துக் கணக்குப் போட்டேன். முன் குறி 0.1 மில்லிமீற்றர் விலகினால், 10 மீற்றருக்கு அப்பால் சன்னம் ஒன்றேகால் மில்லிமீற்றர் விலகும். 0.1 மில்லிமீற்றர் என்பது ஒரு கடதாசியின் தடிப்பு. இதயம் துடிக்கிற, மூச்சு ஏறி இறங்குகிற ஓர் உடம்பு, 5 கிலோவுக்குக் கிட்டிய பாரத்தைத் தூக்கிக்கொண்டு, இந்த நுணுக்கத்தை 60 தடவை திரும்பத் திரும்ப எப்படிச் செய்கிறது? அந்தக் கேள்விதான் என்னை இதற்குள் இழுத்தது.

வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா, "அந்தக் கதையே இந்த வீட்டுக்குள்ள வேண்டாம் பிள்ளை" என்றார். 1995 ஒக்ரோபர் 30 இரவு போரால் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்த சனத்தில் அம்மாவும் ஒருவர். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது, அதை மறுத்துப் பேச எனக்கு உரிமை இல்லை. விளையாட்டு வேறு, அது வேறு என்று விளங்கப்படுத்தலாம்தான். ஆனால் விளங்குவதும் பயம் போவதும் ஒரே விடயம் அல்ல. இந்த மண்ணில் இதைப் பழக நினைக்கும் எவரும் இதை முதலில் மனதில் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வீட்டுக்குள்ளும் வளவுக்குள்ளும் துவக்கு மாதிரித் தெரியும் எதையும், விளையாட்டுத் துவக்கைக்கூட, பயிற்சிக்குக் கொண்டுவருவதில்லை என்று முடிவெடுத்தேன். அயலவர் ஒருவர் மதிலுக்கு மேலால் பார்த்துத் திடுக்கிடக் கூடாது. சட்டமும் இதில் கடுமையானது. துவக்குகள் பற்றிய 1916 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் திருத்தங்களோடு இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது பாரதூரமான குற்றம். பதிவுள்ள ஒரு கழகத்தின் ஊடாகப் போவதுதான் ஒரே வழி.

இனி வீடியோக்கள் பற்றி. 'ரைபிள் சுடுவது எப்படி' என்று தேடினால் முதலில் வந்து விழுபவை பெரும்பாலும் அமெரிக்காவில் எடுத்தவை. வேட்டைக்காரருக்கும் படையினருக்கும் உரிய பாடங்கள் அவை. நிலத்தில் படுத்துச் சுடுவது, தோல்வாரைக் கையில் சுற்றி இறுக்குவது, ஓடிப்போய் முழங்காலில் இருந்து சுடுவது என்று போகும். பாதுகாப்பு விதிகள், குறியை ஒழுங்குபடுத்துவது போன்றவை அவற்றிலும் இங்கும் ஒன்றுதான். ஆனால் நின்று சுடும் நிலை முழுக்க வேறு. பெரிய துவக்கின் பின்னுதைப்பைத் தாங்க அவர்கள் உடம்பை முன்னுக்குச் சாய்ப்பார்கள். எயார் ரைபிளில் பின்னுதைப்பு இல்லையென்றே சொல்லலாம், இங்கே பிரச்சினை பாரம் மட்டும்தான். அந்தப் பாரத்தின் ஈர்ப்பு மையத்தைக் கால்களுக்கு மேலே கொண்டுவர உடம்பு பின்னுக்குச் சாய்கிறது. ஆகவே தேடும்போது '10 மீற்றர் எயார் ரைபிள்', 'நிற்கும் நிலை' என்பவற்றை ஆங்கிலத்தில் சேர்த்துத் தேடுங்கள். தமிழில் இதற்கான பாடங்கள் மிகக் குறைவு.

பாட வீடியோக்களைவிட எனக்கு அதிகம் கற்பித்தவை சர்வதேசச் சுடுதல் விளையாட்டுச் சம்மேளனம் யூரியூப்பில் போட்டிருக்கும் உலகக் கிண்ண இறுதிப் போட்டிகள். யாரும் எதையும் விளக்கமாட்டார்கள், அதுதான் அவற்றின் நன்மை. நான் சத்தத்தை நிறுத்திவிட்டு, வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் பார்ப்பேன். ஒரு தடவைக்கு உடம்பின் ஒரு பகுதியை மட்டும். ஒருநாள் எல்லா வீராங்கனைகளின் கால்களையும் மட்டும் பார்த்தேன். இலக்குக்குப் பக்கவாட்டாக, ஏறத்தாழச் செங்கோணத்தில் நிற்கிறார்கள். ஒருவர்கூடச் சூட்டுக்கு இடையில் பாதத்தை எடுப்பதில்லை. இன்னொரு நாள் தலையை மட்டும் பார்த்தேன். தலை துவக்கைத் தேடிக் குனிவதில்லை. தலை நிமிர்ந்தே நிற்கிறது, துவக்குத்தான் கன்னத்துக்கு வந்து சேர்கிறது. இன்னொரு நாள், சுடாமல் இறக்குகிறார்களா என்று பார்த்தேன். இறக்குகிறார்கள்! உலகத்தின் முதல் எட்டுப் பேரில் ஒருவர், நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, சரியாக இல்லை என்று பட்டதும் துவக்கை இறக்கி, மூச்செடுத்து, மறுபடி தொடங்குகிறார். எந்தப் பாட வீடியோவும் இவ்வளவு தெளிவாக அதைச் சொல்லவில்லை.

வீடியோ ஒருவழிப் பாதை. சரியான நிலை எப்படி இருக்கும் என்பதை அது காட்டும். என் உடம்பு என்ன செய்கிறது என்பதை அதனால் பார்க்க முடியாது. இதில் கண்ணுக்குத் தெரியாத வேலைதான் கூட. இடது கை துவக்கைத் தாங்குவதைக் கமராவில் பார்க்கலாம். அந்தக் கை தசையால் தாங்குகிறதா எலும்பால் தாங்குகிறதா என்பதைக் கமரா காட்டாது. இரண்டும் வெளியில் ஒரே மாதிரித்தான் இருக்கும். தசையால் தாங்கினால் பத்தாவது சூட்டில் நடுங்கும், எலும்பால் தாங்கினால் அறுபதுக்கும் தாங்கும். அதைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

வகுப்பின் முதல் நாளில் யாரும் சுடுவதில்லை. நல்ல கழகம் என்பதற்கு அதுவே முதல் அடையாளம். எங்கள் பயிற்றுநர் படையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சிங்களவர். அவருக்குத் தமிழ் கொஞ்சம், எனக்குச் சிங்களம் கொஞ்சம், மிச்சம் கையாலும் ஆங்கிலத்தாலும் நடந்தது. ஒரு படை ஆளிடம் துவக்குப் பிடிக்கப் பழகுவதா என்று உறவினர் சிலர் என்னிடம் நேரடியாகவே கேட்டார்கள். எனக்குள்ளும் அந்தக் கேள்வி இருந்தது. அவர் முதல் நாள் முழுவதும் பேசியது துவக்கு யாரையும் பார்க்கக் கூடாது என்பதைப் பற்றித்தான். குழல் எப்போதும் இலக்குப் பக்கம். சன்னம் போடும் இடத்தின் பூட்டுத் திறந்தபடி. குழலுக்குள்ளால் செம்மஞ்சள் நிற இழை ஒன்று, பாதுகாப்புக் கொடி என்பார்கள், ஒரு முனையால் நுழைந்து மறுமுனையால் வெளியே தெரிய வேண்டும். உள்ளே சன்னம் இல்லை என்பதற்கு அது சாட்சி. சுடும் கணம் வரை விரல் விசைக்கு வெளியே. 'நிறுத்து' என்று கட்டளை வந்தால், விசையில் பாதி அழுத்தியிருந்தாலும் விட்டுவிட வேண்டும். ஒரு பெடியன் கொடி போடாத துவக்கோடு திரும்பிப் பார்த்தபோது, அவனை அன்று முழுவதும் கதிரையில் இருத்திவிட்டார். அவர் சத்தம் போடவில்லை, விளக்கமும் சொல்லவில்லை. அன்றைக்கே இவரிடம் பழகலாம் என்று எனக்குப் பட்டது.

அடுத்தது எந்தக் கண் ஆதிக்கக் கண் என்று பார்ப்பது. இதை வீட்டிலேயே செய்யலாம். இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு இடையில் சின்ன முக்கோணம் விட்டு, அதற்குள்ளால் தூரத்தில் உள்ள ஒரு பொருளைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடும்போது, எந்தக் கண் திறந்திருக்கையில் பொருள் முக்கோணத்துக்குள் நிற்கிறதோ அதுதான் ஆதிக்கக் கண். வலக்கைப் பழக்கம் உள்ள சிலருக்கு இடது கண் ஆதிக்கமாக இருக்கும். தொடக்கத்திலேயே தெரிந்தால் எந்தப் பக்கத்தால் சுடுவது என்று ஆறுதலாக முடிவெடுக்கலாம். சுடும்போது மற்றக் கண்ணை இறுக்கி மூடுவதில்லை, அது முகத் தசையை எல்லாம் இழுக்கும். சின்ன மறைப்பு ஒன்றை அந்தக் கண்ணுக்கு முன்னால் விட்டுவிட்டு இரண்டு கண்ணையும் திறந்தே வைத்திருப்பார்கள்.

பிறகு மேசையில் தாங்கி வைத்துச் சுட விட்டார்கள். நிற்கும் நிலைக்கு வர முன் இந்தக் கட்டம் அவசியம். பாரத்தைப் பற்றிய கவலை இல்லாமல் குறியையும் விசையையும் மட்டும் பழகலாம். பின் குறியில் ஒரு சிறு துளை, முன் குறியில் ஒரு வளையம், அதற்குள் இலக்கின் கறுப்பு வட்டம். எல்லா வட்டங்களும் ஒரே மையத்தில் இருக்க வேண்டும். கண் கூர்மையாகப் பார்க்க வேண்டியது முன் வளையத்தை. இலக்குச் சற்று மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை. ஐந்து சூடு சுட்டு அவை எங்கே கூட்டமாக விழுகின்றன என்று பார்த்த பிறகுதான் குறியைத் திருப்புவது. ஒவ்வொரு சூட்டுக்கும் குறியைத் திருப்பிக்கொண்டிருந்தால், தவறு குறியிலா ஆளிலா என்று ஒருநாளும் கண்டுபிடிக்க முடியாது. பௌதிகப் பரிசோதனையில் ஒரே நேரத்தில் இரண்டு மாறிகளை மாற்றாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் அதே விடயம்தான்.

விசை பற்றி எல்லா வீடியோவும் 'மெதுவாக அழுத்து' என்று சொல்லும். போட்டித் துவக்கின் விசையைத் தொட்டால்தான் அதன் பொருள் புரியும். நூறு கிராம் அளவுக்கும் குறைவான அழுத்தத்திலேயே விடும் விசைகள் உண்டு. முதல் கட்டத்தை எடுத்து, இரண்டாம் கட்டத்தின் சுவரில் விரல் தட்டுப்படும் இடம் ஒன்று இருக்கிறது, அங்கே காத்திருக்கப் பழக வேண்டும். விரல் நுனியின் சதை, நேராகப் பின்னுக்கு, பக்கவாட்டில் தள்ளாமல். சுட்ட பிறகும் அப்படியே நிற்க வேண்டும். சன்னம் குழலை விட்டுப் போகச் சில மில்லிசெக்கன் எடுக்கும். அந்த நேரத்துக்குள் உடம்பு தளர்ந்தால் சன்னமும் அதோடு போகும். செக்கனுக்கு ஏறத்தாழ 170 மீற்றர் வேகத்தில் போகும் சன்னத்துக்குக் குழலுக்குள் இருக்கும் அந்தச் சிறு பொழுது நீண்டதுதான்.

நிற்கும் நிலைக்கு வந்தபோது, வீடியோக்களில் பார்த்த எல்லாவற்றுக்கும் அர்த்தம் கிடைத்தது. வலக்கையால் சுடுபவர் என்றால் இடது இடுப்பை இலக்குப் பக்கமாகத் தள்ளி, இடது முழங்கையை இடுப்பு எலும்பின் மேல் இருத்த வேண்டும். கிணற்றடியில் குடத்தை இடுப்பில் ஏற்றும்போது உடம்பு தானாக மற்றப் பக்கம் சாயுமே, அதே சாய்வுதான். பயிற்றுநர் என் இடது மேற்கையைக் கிள்ளிப் பார்த்தார். தசை இறுகியிருந்தது. "ஹெமின், ஹெமின்" (மெதுவாக, மெதுவாக) என்று சொல்லி, அவரே துவக்கின் பாரத்தைத் தன் கையில் வாங்கி, என் இடுப்பைச் சற்று முன்னுக்குத் தள்ளி, மறுபடி பாரத்தை விட்டார். துவக்கின் பாரம் கையை விட்டு இடுப்புக்கும், அங்கிருந்து காலுக்கும், நிலத்துக்கும் இறங்குவதை உடம்பால் உணர்ந்தேன். ஈர்ப்பு மையத்தை வருடக்கணக்காகக் கரும்பலகையில் கீறிக் காட்டியிருக்கிறேன். அது என் பாதங்களுக்கு நடுவில் வந்து நிற்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன்.

இந்த விளையாட்டில் ஒரேயொரு பயிற்சியைத்தான் பழக முடியும் என்றால் நான் தெரிவுசெய்வது இயல்பான குறிநிலை. துவக்கை ஏந்தி இலக்கைக் குறி வையுங்கள். கண்ணை மூடுங்கள். இரண்டு மூச்சு விட்டு, உடம்பைத் தளர்த்துங்கள். கண்ணைத் திறந்தால் குறி எங்கே நிற்கிறதோ அதுதான் உங்கள் உடம்பு தானாகப் பார்க்கும் திசை. அது இலக்குக்கு வலப்பக்கம் நின்றால், கையால் இடப்பக்கம் தள்ளாதீர்கள். பின்னங்காலைச் சிறிது நகர்த்தி முழு உடம்பையும் திருப்புங்கள். மறுபடி கண்ணை மூடிப் பாருங்கள். குறி தானாக இலக்கில் வந்து நிற்கும் வரை இதைச் செய்ய வேண்டும். கையால் தள்ளிப் பிடித்த குறி, விசை விடும் கணத்தில் தசை தளர்ந்து பழைய இடத்துக்கே ஓடும். வீடியோக்கள் இதை அரை நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போகும். வகுப்பில் ஒரு முழு நாள் இதிலேயே போனது, அந்த நாள் மிகவும் பெறுமதியானது.

மூச்சு விடயத்தில் வீடியோக்கள் ஒன்றுக்கொன்று முரண்படும். சிலர் முழு மூச்சை இழுத்துப் பிடி என்பார்கள், சிலர் முழுவதும் விட்டுவிட்டு என்பார்கள். பயிற்றுநர் சொன்னது: சாதாரணமாக மூச்செடுத்து, சாதாரணமாக விடு. விட்ட பிறகு அடுத்த மூச்சுக்கு முன் உடம்பு தானாக ஒரு கணம் ஓயும். அந்த ஓய்வைச் சற்று நீட்டு. ஆறு, ஏழு செக்கனுக்குள் சூடு போகாவிட்டால் இறக்கு. அதற்கு மேல் கண்ணுக்கு ஒட்சிசன் குறையும், முன் வளையத்தின் பிம்பம் கண்ணில் ஒட்டிக்கொள்ளும், இல்லாத இடத்தில் குறி சரியாக நிற்பதாகத் தெரியும். 'இன்னும் ஒரு செக்கன் பிடித்தால் சரியாகிவிடும்' என்ற எண்ணம் வரும்போதே இறக்கிவிட வேண்டும். புதிதாகப் பழகும் எல்லாரையும் கவனித்துப் பார்த்தேன், சுடப் பழகுவதைவிட இறக்கப் பழகுவதுதான் எல்லாருக்கும் கடினம்.

சரி, வீட்டுக்கு வந்தால்? என் பயிற்சிப் பலகை வெறும் மரச் சட்டம். தச்சர் ஒருவரிடம் மிச்சமாகக் கிடந்த நீளத் துண்டு. அதன் இரண்டு பக்கமும் தண்ணீர்ப் போத்தல்களைக் கட்டியிருக்கிறேன், தண்ணீரைக் கூட்டிக் குறைத்துப் பாரத்தை மாற்றலாம். எந்தக் கோணத்தில் பார்த்தாலும் அது துவக்கு மாதிரித் தெரியாது. முதலில் குறைந்த பாரத்தில் தொடங்க வேண்டும். நாரி நோகும் அளவுக்குப் பிடிப்பதில் பயன் இல்லை, வளரும் பிள்ளைகளுக்கு அது கேடு. சுவரில் ஒரு கறுப்புப் புள்ளி, அதன் உயரம் 1.4 மீற்றர், போட்டியில் இலக்கு நிற்கும் உயரம் அது. விடிய வெய்யில் ஏற முன் அதை ஏந்தி நிற்பேன். கால் அளவு, இடுப்பு, கண்ணை மூடித் திறப்பது, மூச்சு, இறக்குவது. முடிந்ததும் ஒற்றைக் காலில் கண்ணை மூடி நிற்கும் சமநிலைப் பயிற்சி. வெளியில் இருந்து பார்த்தால் ஒரு பெண் சட்டத்தோடு சும்மா நிற்பது போல் இருக்கும். உண்மையில் இந்த விளையாட்டின் பெரும்பகுதி அதுதான்.

கைபேசியைப் பார்ப்பதற்கு மட்டுமன்றி எடுப்பதற்கும் பயன்படுத்துங்கள். இதுதான் தூரத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய மிகப் பெரிய உதவி. ஒரு கதிரையில் கைபேசியை நிறுத்தி, பின்பக்கத்தில் இருந்து ஒன்று, இலக்குப் பக்கத்தில் இருந்து ஒன்று என்று எடுத்துப் பயிற்றுநருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். பின்பக்கத்தில் இருந்து பார்த்தால் முள்ளந்தண்டின் வளைவு தெரியும், போட்டி ஒளிபரப்புகளில் அந்தக் கோணம் அபூர்வமாகத்தான் கிடைக்கும். அவர் ஒரு வரி எழுதி அனுப்புவார்: 'வலது தோள் ஏறியிருக்கு.' அந்த ஒரு வரி, நான் பார்த்த எத்தனையோ மணிநேர வீடியோவைவிட எனக்கு உதவியது. அது என்னுடைய தோளைப் பற்றியது.

குறிப்புக் கொப்பி ஒன்று கட்டாயம். ஒவ்வொரு சூட்டுக்கும், அது விழுந்த இடத்தைக் காட்டும் திரையைப் பார்க்க முன், அது எங்கே போயிருக்கும் என்று மனதுக்குள் சொல்ல வேண்டும். 'மூன்று மணிப் பக்கம், 9' என்று, மணிக்கூட்டு முகத்தை வைத்துத் திசை சொல்வது போல. பிறகு பார்த்து ஒப்பிட வேண்டும். சொன்னதும் விழுந்ததும் ஒத்துப்போனால் உங்களுக்கு உங்கள் உடம்பு தெரிகிறது என்று அர்த்தம், புள்ளி குறைவாக இருந்தாலும் கவலை இல்லை. சொன்னதுக்கு எதிர்ப்பக்கம் விழுந்தால் கொப்பியில் எழுதிப் பயிற்றுநரிடம் காட்டுங்கள். போட்டியில் 60 சூட்டுக்கு 75 நிமிடம் தருகிறார்கள், ஒரு சூட்டுக்கு ஆகக் கூடியது 10.9 என்பதால் உச்சப் புள்ளி 654. அந்த எண்ணை மறந்துவிட்டு ஒத்துப்போன சூடுகளை எண்ணுவது தொடக்கத்தில் நல்லது.

வேறு சில விடயங்களையும் சொல்ல வேண்டும். இரவு பஸ்ஸில் ஏறி விடியக் கொழும்பில் இறங்கி நேரே சுடுதளத்துக்குப் போகாதீர்கள். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் இருந்த நாரி அன்று வளையாது, இந்த நிலைக்கு நாரி வளைய வேண்டும். முடிந்தால் முதல் நாளே ரெயினில் போய்த் தெரிந்தவர் வீட்டில் தங்கிவிடுங்கள். சுட முன் தேத்தண்ணியும் கோப்பியும் வேண்டாம் என்பார்கள், நாடித் துடிப்பு குறியில் தெரியும். யாழ்ப்பாணத்து ஆளுக்கு விடியப்புறத் தேத்தண்ணியை விடுவது சின்ன விடயம் அல்ல, ஆனால் வித்தியாசம் உண்மையாகவே தெரிகிறது. சன்னம் ஈயத்தால் ஆனது. சுட்ட கையோடு வடையைத் தொடாதீர்கள், சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பிள்ளைகள் சன்னத்தை வாயில் வைக்கும் பழக்கம் இருந்தால் அன்றே நிறுத்த வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். சுடும்போது போடும் தடித்த கன்வஸ் சட்டைக்குள் எங்கள் வெக்கைக்கு வியர்த்து வடியும், உள்ளுக்குப் பருத்தி உடுப்பும் போதிய தண்ணீரும் வேண்டும்.

பெற்றோருக்கு. சொந்தத் துவக்கு வாங்குவதைப் பற்றித் தொடக்கத்தில் யோசிக்கவே வேண்டாம். பல வருடங்களுக்குக் கழகத்தின் துவக்கே போதும். கழகத்தைத் தெரிவுசெய்யும்போது, ஒருமுறை போய்ச் சும்மா இருந்து பாருங்கள். கட்டளை இல்லாமல் யாராவது சுடுகோட்டைத் தாண்டுகிறார்களா? கொடி இல்லாத துவக்கு மேசையில் கிடக்கிறதா? துவக்கில் பூட்டும் காற்றுச் சிலிண்டரில் காலாவதித் திகதி பார்க்கிறார்களா? 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்த உருளை அது, பத்து வருடத்துக்கு மேல் பாவிக்கக் கூடாது. இவற்றுக்குப் பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். மொழியைப் பற்றிப் பயப்பட வேண்டாம். கட்டளைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, ஆங்கிலத்தில்தான் இருக்கும். மிச்சத்துக்குப் பக்கத்தில் நிற்கும் பிள்ளை உதவும். என் பக்கத்தில் நின்று எனக்கு மொழிபெயர்த்தது காலியில் இருந்து வந்த ஒரு பள்ளிப் பிள்ளை.

அம்மா இன்றைக்கும் நான் பலகையை எடுத்தால் விறாந்தையை விட்டு எழும்பிக் குசினிக்குப் போய்விடுவார். நான் அவரை மாற்ற முயலவில்லை. என்னிடம் படிக்கும் இரண்டு பிள்ளைகள் இப்போது அதே சட்டத்தை மாறி மாறி ஏந்தி நிற்கிறார்கள். அவர்களில் ஒருத்திக்கு இடக்கைப் பழக்கம். உங்கள் பிள்ளையும் அப்படியென்றால், கழகத்தில் இடக்கைத் துவக்கும் அந்தப் பிள்ளையின் அளவுக்குச் சட்டையும் இருக்கிறதா என்று பஸ்ஸுக்குக் காசு கட்ட முன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். முதல் நாளுக்குத் தட்டையான, மெல்லிய அடியுள்ள சப்பாத்து, ஒரு கொப்பி, பென்சில், தண்ணீர்ப் போத்தல் போதும்.